வாசல் இல்லாத மாமியார் வீடு

அன்வர் பாஷாவுக்கு ஒரு பழக்கம். எதையும் வாங்கி வீட்டுக்குள் இறக்கிவிட்டு, அப்புறம்தான் "வாங்கலாமா?" என்று கேட்பான். கல்யாணமான புதிதில் ஒரு ஜோடி வான்கோழியை அப்படித்தான் கொண்டுவந்தான். அவை இருந்தவரை தெருவில் போகிறவர் வருகிறவரையெல்லாம் துரத்தித் துரத்திக் கொத்தின. அதனால்தான், எண்பத்தெட்டாம் வருஷத் தை மாதத்தில் ஒரு செவ்வாய்க்கிழமை, பனி விலகிச் செஞ்சி ராஜகிரி மலையின் தலை தெரிய ஆரம்பித்த நேரத்தில், பாண்டிச்சேரி வேன் ஒன்று கடைவாசலில் வந்து நின்றதும் அவன் மனைவி மெஹராஜ் பேகம் அடித்துப்பிடித்துப் படியிறங்கி ஓடிவந்தாள்.

"என்னாங்க அது?"

"புது கம்ப்யூட்டரு. வாங்கலாமான்னு உன்னைய ஒரு வார்த்தை கேட்டுக்கலாம்னுதான்..."

"கேக்கறதுக்கு முன்னாடியே எறக்கறாங்களே!"

"எறக்கறவங்க எறக்கட்டும். நீ பொறுமையா யோசிச்சிச் சொல்லு."

கீழே சைக்கிள் கடை, மேலே இவர்கள் கடை. அன்வரின் நைனா காலத்தில் அது வெறும் டைப்ரைட்டிங் இன்ஸ்டிடியூட். நாலு வருஷத்துக்கு முன்னால், வான்கோழி மாதிரியே, அன்வர் ஒரு பழைய கம்ப்யூட்டரை மதராஸிலிருந்து இறக்கினான். அதை வைத்துக்கொண்டு என்ன செய்வது என்று அவனுக்கே தெரியவில்லை. அனந்தபுரத்து ஜோசியர் பச்சைமுத்துதான் வந்து வழி சொன்னார். பஞ்சாங்கத்தைப் புரட்டி ஒரு ஜாதகம் கணிக்க அவருக்கு ஒரு பகல் பிடிக்கும். மெஷின் ஒரு டம்ளர் டீ ஆறுவதற்குள் போட்டுவிடும். "கணக்க அது போடட்டும் பாய், பலனை நான் சொல்றேன்" என்றார். அன்றைக்கே வாசலில் சிவப்பு எழுத்தில் 'கம்ப்யூட்டர் ஜாதகம்' என்று போர்டு ஏறிவிட்டது.

மெஷின் முன்னால் உட்கார்ந்தது மெஹராஜ். பத்தாவது பாஸ், டைப்ரைட்டிங்கில் லோயர் பாஸ். ஆரம்பத்தில் மாமியார் மெஹபூப் பீ ஒத்துக்கொள்ளவே இல்லை. "நமக்கு இன்னாத்துக்குமா நட்சத்திரமும் ராசியும்?" என்று மூன்று நாள் முகத்தைத் திருப்பிக்கொண்டிருந்தாள். "கணக்குப் போடறது நம்ம வேலை மாமி. நம்பறது அவங்க வேலை. நான் நம்பறதுக்கா உக்காந்திருக்கேன்?" என்றாள் மெஹராஜ். மெஹபூப் பீ அதை ஒரு ராத்திரி யோசித்துப் பார்த்துவிட்டு, மறுநாள் டிபன் கேரியரில் மருமகளுக்குச் சோறு கொண்டுவந்து கடையிலேயே உட்கார்ந்துவிட்டாள். அதற்கப்புறம் கேரியரை அவள் யாரிடமும் கொடுத்தனுப்பியது கிடையாது. கடையில் நடக்கிற பேச்சு வீட்டில் எங்கே கிடைக்கும்?

நாலு வருஷத்தில் சுற்றுப்பட்டு ஊரில் பாதிப் பேருடைய பிறந்த தேதியும் நேரமும் அந்த மெஷினுக்குள் போய்விட்டது. கல்யாண சீசனில் யாராவது வந்து பையனுடைய நட்சத்திரத்தைச் சொன்னால் போதும், பொருந்துகிற பெண்களையெல்லாம் மெஷின் வரிசையாகக் காட்டும். பச்சைமுத்து மூக்குக் கண்ணாடியை ஏற்றிவிட்டு அதிலிருந்து பொறுக்குவார். அதுதான் கடையின் பேரும் பெருமையும்.

மெஹராஜுக்கு அந்த நாற்காலி என்றால் உயிர். காலையில் சமையலை முடித்துவிட்டு மாடிப்படி ஏறி, விசிறியைப் போட்டு, உறையை எடுத்துவிட்டு உட்காருகிற அந்த நிமிஷத்துக்காகவே அவள் விடியலில் எழுந்தாள். ஊர்ப் பெரியவர்கள் எதிரே நின்றுகொண்டு, "எப்பம்மா வரும்?" என்று அவளைக் கேட்டார்கள். வீட்டில் அவளை யாரும் அப்படிக் கேட்டதில்லை.

இப்போது பழைய மெஷினை வேனில் ஏற்றிக்கொண்டிருந்தார்கள். புதுசுக்கு மாற்றாகப் பழசைக் கொடுப்பது என்று அன்வர் பேசி முடித்திருந்தான். கூடவே பழைய பிளாப்பித் தட்டுகளையும் பெருந்தன்மையாக ஒரு பையில் போட்டுக் கொடுத்தான். அதிலிருந்த ஜாதகத்தையெல்லாம் போன வாரமே பாண்டிச்சேரியில் புது மெஷினுக்குத் தகுந்த ஒரே தட்டில் மாற்றி எடுத்துவந்தாகிவிட்டது. "இனிமே நமக்கு அது எதுக்கு? வெச்சிக்கட்டும்" என்றான்.

வேன் போய்விட்டது. மெஷினை மாட்டிக்கொடுக்க வந்த ராமகிருஷ்ணன் மட்டும் இருந்தான். இருபத்தைந்து, இருபத்தாறு வயசிருக்கும். வெள்ளைச் சட்டை, பையில் இரண்டு பேனா, பேசும்போது தரையைப் பார்த்துப் பேசுகிற ஆள்.

"பாருங்கம்மா, இது மெஷின் மட்டும் புதுசில்ல. உள்ள இருக்கற சிஸ்டமே வேற. வார்த்தையெல்லாம் மாறிடுச்சு."

மெஹராஜ் அதைக் காதில் வாங்கவில்லை. அவள் மெஷினைச் சுற்றிச் சுற்றி வந்து எதையோ தேடிக்கொண்டிருந்தாள்.

"மாமியார் வீடு எங்க?" என்றாள்.

ராமகிருஷ்ணன் தரையிலிருந்து தலையைத் தூக்கி மெஹபூப் பீயைப் பார்த்தான். மெஹபூப் பீ, "நான் இங்கதான்பா கெடக்கறேன்" என்றாள்.

வேடிக்கை பார்க்க வந்திருந்த பச்சைமுத்து சிரித்துக்கொண்டே விளக்கம் சொன்னார். பழைய மெஷினில் தட்டுப் போட இரண்டு வாய் உண்டு. ஒன்றிலிருந்து இன்னொன்றுக்கு ஜாதகத்தை அனுப்பவேண்டும் என்றால், எந்தத் தட்டுக்குப் போகிறது என்பதை முதலில் அடிக்கவேண்டும். எதிலிருந்து போகிறது என்பது அப்புறம்தான். ஆரம்பத்தில் மெஹராஜுக்கு இது மண்டையில் ஏறவே இல்லை. ஒருநாள் ஏதோ நிக்காஹ் பத்திரிகையைப் பார்த்துக்கொண்டிருந்தவள், "அட, மாப்பிள்ளை பேர் முதல்ல, பொண்ணு பேர் அப்புறம்!" என்று துள்ளி எழுந்தாள். பெண்ணை எடுக்கிற வீடு முதலில், கொடுக்கிற வீடு பிறகு. அன்றைக்கே சாக்பீஸால் இடது வாய்க்கு மேலே 'தாய் வீடு' என்றும், வலது வாய்க்கு மேலே 'மாமியார் வீடு' என்றும் எழுதிவிட்டாள். நாலு வருஷத்தில் ஒரு தப்பு நடந்ததில்லை.

ராமகிருஷ்ணனுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. "இதுல ஒரு வாய்தாம்மா. இன்னொண்ணு உள்ள இருக்குது. பெரிய தட்டு, கழட்டவே முடியாது."

"அப்ப தாய் வீடு இருக்குது, மாமியார் வீட்டுக்கு வாசலே இல்லியா?"

"போனா போனதுதான்னு சொல்லு" என்றான் அன்வர்.

"ஏன்டா, எங்க வீட்டுக்கு வாசல் இல்லாமயா இவ தெனம் வெளிய வந்து உக்காந்துகினு இருக்கா?" என்று மெஹபூப் பீ மகனை முறைத்தாள். எல்லாரும் சிரித்தார்கள். மெஹராஜும் சிரித்தாள், ஆனால் கண் மட்டும் அந்த மூடின பெட்டி மேலேயே இருந்தது.

இந்தப் புதுசை எதற்காக வாங்கினான் என்பதைச் சொல்லியாகவேண்டும். பழைய மெஷின் இங்கிலீஷில்தான் ஜாதகம் அடிக்கும். கட்டத்துக்குள் இங்கிலீஷ் எழுத்தைப் பார்த்துவிட்டு, "எம் பையன் இன்னா வெள்ளக்காரனா?" என்று சண்டைக்கு வந்தவர்கள் உண்டு. புதுசு தமிழில் அடிக்கும். அது நல்ல விஷயம்தான். ஆனால் அன்வர் போட்டிருந்த ஒப்பந்தம் அப்படி நல்ல விஷயமில்லை. விழுப்புரத்தில் ஒருவர் இதே மெஷினுக்குக் காத்திருக்கிறாராம். சனிக்கிழமைக்குள் ஜாதகமெல்லாம் ஏற்றி இவர்கள் ஓட்டிக் காட்டினால் மெஷின் இங்கே. இல்லையென்றால் அது விழுப்புரத்துக்கு. பழசும் அதற்குள் கைமாறிப் போயிருக்கும்.

"பழசையும் குடுத்துட்டீங்களே! அப்புறம் நம்மகிட்ட இன்னா இருக்கும்?" என்றாள் மெஹராஜ்.

"நாலு டைப்ரைட்டிங் மெஷின் இருக்குதே."

"அதுக்கு நீங்களே போதும். நான் வீட்டுலதான் உக்காரணும்."

அன்வர் ஒரு டைப்ரைட்டிங் மெஷினின் தூசியைத் தட்டினான். அவள் சொன்னது நிஜம் என்று அவனுக்கும் தெரிந்திருந்தது.

ஜாதகப் புரோகிராமை ராமகிருஷ்ணன் உள் தட்டில் ஏற்றி முடித்தான். மாற்றி எடுத்துவந்த தட்டிலிருந்து ஜாதகங்களை உள்ளே அனுப்பவேண்டியதுதான் பாக்கி. அப்போது பார்த்துக் கரண்டு போனது. ஒரு மணி நேரம் உட்கார்ந்தார்கள். மெஹபூப் பீ வேர்க்கடலையை வறுத்து வெல்லத்தோடு கொடுத்தாள். கரண்டு வரக் காணோம். கடைசி பாண்டிச்சேரி பஸ்ஸுக்கு நேரமாகிவிட்டது.

"நீங்களே அனுப்பிடலாம்மா. காப்பின்னு அடிச்சி ரெண்டு தட்டுப் பேரையும் அடிங்க. பழசு மாதிரியேதான், வார்த்தை மட்டும் வேற" என்று படியிறங்கிக்கொண்டே சொன்னான். சொன்னதும் பஸ் ஹாரன் கேட்க, ஓட்டமாக ஓடிப்போனான்.

மறுநாள் காலை உறையை எடுத்துவிட்டுச் சுவிட்சைப் போட்டால், மெஷின் எடுத்த எடுப்பில் தேதி கேட்டது. மெஹராஜ் தேதி, மாசம், வருஷம் என்று அடித்தாள். செல்லாது என்றது. மறுபடி அடித்தாள். மறுபடியும் செல்லாது.

"இன்னைக்கு இன்னா தேதின்னு நமக்குத் தெரியாதா, இதுக்குத் தெரியுமா?" என்று அன்வர் காலண்டரைக் கொண்டுவந்து திரைக்கு எதிரே காட்டினான்.

அதைப் பார்த்துக்கொண்டே படியேறி வந்தார் பச்சைமுத்து. "எதை முதல்ல கேக்குது?"

"மாசத்தைப் போல இருக்குது ஜோசியரே. மாசத்தைச் சொல்லிட்டு அப்புறம் தேதி சொல்றது எந்த ஊரு வழக்கம்?"

"நம்ம ஊரு வழக்கம்தாம்மா! தை மாசம் ஏழாந் தேதின்னு சொல்றோமா, ஏழாந் தேதி தை மாசம்னு சொல்றோமா? நல்ல மெஷினு இது. அடி, அடி."

அடித்தாள். ஏற்றுக்கொண்டது. இவ்வளவுதானா என்று மெஹராஜுக்குத் தெம்பு வந்துவிட்டது. அந்தத் தெம்புதான் கெடுத்தது.

அந்த நேரத்துக்குப் பனமலை லட்சுமியம்மாள் முந்தானையில் அவரைக்காயை மூட்டைகட்டிக்கொண்டு மகளோடு வந்து சேர்ந்தாள். மகள் பேர் தனகோட்டி. வாட்டசாட்டமான பெண். தானே ஏர் ஓட்டுவாள், கடலை பிடுங்குவாள், வாய்விட்டுச் சிரிப்பாள். பெண் பார்க்க வந்த இரண்டு வீட்டுக்காரர்கள் அந்தச் சிரிப்பைக் கேட்டுவிட்டு ஊருக்குப் போய்க் கடுதாசி போடுகிறோம் என்றார்கள். கடுதாசி வரவில்லை.

"இந்த தையில முடிச்சே ஆவணும் பாயம்மா. இவளுக்குப் பொருந்தற மாதிரி யாருனா இருக்காங்களான்னு உம் மெஷின்ல பாரு" என்றாள் லட்சுமியம்மாள்.

"இருங்கம்மா, எல்லாத்தையும் உள்ள ஏத்திட்டு முதல் ஆளா உங்களுக்குப் பாக்கறேன்."

மெஹராஜ் தட்டை வாயில் போட்டுக் கதவைச் சாத்தினாள். பிஸ்மில்லாஹ் என்று மெல்லச் சொல்லிக்கொண்டாள். காப்பி என்று அடித்தாள். பிறகு நாலு வருஷப் பழக்கத்தில், பெண்ணை எடுக்கிற வீட்டின் பேரை முதலில் அடித்தாள், கொடுக்கிற வீட்டின் பேரைப் பின்னால் அடித்தாள். பட்டனைத் தட்டினாள். மெஷின் லேசாக உறுமியது, ஏடு ஒன்று போய்ச் சேர்ந்தது என்று காட்டியது. ஒரு முணுமுணுப்பு இல்லை, ஒரு கேள்வி இல்லை.

"ஏறிடுச்சு!" என்றாள். அன்வர் கை தட்டினான். தனகோட்டியும் எதற்கென்று தெரியாமலே கை தட்டினாள்.

புரோகிராமைத் திறந்து, தனகோட்டியின் நட்சத்திரத்தைக் கொடுத்தாள். ஒருத்தரும் இல்லை என்றது. வேறு நட்சத்திரத்தைக் கொடுத்தாள். இல்லை. மொத்தம் எத்தனை ஜாதகம் இருக்கிறது என்று கேட்டாள். பூஜ்யம். வெளித்தட்டில் பார்த்தாள். அதிலும் பூஜ்யம்.

மெஹராஜ் தட்டை எடுத்துத் திருப்பிப் பார்த்துவிட்டு மறுபடி போட்டாள். புரோகிராமோடு உள்ளே வந்திருந்த, ஜாதகம் ஒன்றுமில்லாத வெறும் ஏட்டைத் தூக்கி, நிறைந்த ஏட்டின் மேல் தன் கையாலேயே எழுதிவிட்டாள் என்று புரிய அவளுக்குக் கொஞ்ச நேரம் ஆனது. இந்த மெஷினில் கொடுக்கிற வீடுதான் முதலில்.

"ஐயோ, தாய் வீட்டையே காலி பண்ணிட்டேனே" என்றாள். லட்சுமியம்மாளுக்கு ஒன்றும் விளங்கவில்லை. "இன்னாம்மா, தாய் வூட்ல யாருக்குனா ஒடம்பு ஆவலியா?" என்று பதறிப்போய்த் தோளைத் தொட்டாள்.

அன்வர் ஒரு சத்தம் போடவில்லை. சட்டையை மாட்டிக்கொண்டு, பாண்டிச்சேரிக்கு டிரங்கால் போட போஸ்டாபீசுக்கு ஓடினான். பழைய தட்டுகள் இருந்தால் மறுபடி மாற்றிக்கொள்ளலாமே. மத்தியானம் வெயிலில் வேர்த்து விறுவிறுத்துத் திரும்பி வந்தான்.

"இன்னா சொன்னாங்க?"

"நல்ல தட்டா இருந்துச்சாம். நேத்தே அழிச்சிட்டு வேற யாருக்கோ குடுத்துட்டாங்களாம்." முகத்தைத் துடைத்துக்கொண்டே, "நான்தான ஓசில குடுத்தேன். கேட்டா குடுத்தேன்? அவங்க கேக்கவே இல்ல" என்று தலையில் அடித்துக்கொண்டான்.

மெஹபூப் பீ கேரியரைத் திறந்து கருவாட்டுக் குழம்பை ஊற்றிப் பிசைந்து மருமகள் முன்னால் வைத்தாள். மெஹராஜ் கை வைக்கவில்லை.

"சாப்டுமா. சாப்டாம இருந்தா ஜாதகம் வந்துடுமா?"

"நாலு வருஷம் மாமி. ஒவ்வொண்ணா நான் அடிச்சது. சனிக்கிழமை வந்து எடுத்துட்டுப் போவாங்க. அப்புறம் இந்தப் படியில எனக்கு இன்னா வேலை?" என்று சொல்லும்போதே அழுதுவிட்டாள்.

"எடுத்துட்டுப் போவாங்களாமே! நான் படியில உக்காந்துக்குவேன். என்னைத் தாண்டி எவன் எடுத்துட்டுப் போவான்?" என்றாள் மெஹபூப் பீ. அவள் தேகத்துக்கு அந்தப் படியை அடைத்துக்கொண்டு உட்கார முடியும்தான்.

தனகோட்டிதான் வாயைத் திறந்தாள். "அக்கா, மெஷின்ல இல்லன்னா இன்னா? நீங்க அடிச்சிக் குடுத்த தாளு எங்க வூட்ல கீதே. சாமி மாடத்துல மஞ்சத்துணில சுத்தி வெச்சிக்கினு கீறோம்."

பச்சைமுத்து மூக்குக் கண்ணாடியைக் கழற்றினார். "அடடே! எல்லார் வூட்லயும் இருக்குதே பாய்! எவன் ஜாதகத்தைத் தூக்கிப் போடுவான்?"

"கொண்டாந்து குடுங்கன்னா குடுப்பாங்களா?" என்றான் அன்வர்.

"புதுசா தமிழ்ல போட்டுத் தர்றோம்னு சொல்லு. ஓடியாருவாங்க. அழிஞ்சி போச்சுன்னு மட்டும் வெளிய சொல்லாத. மெஷின் மேல இருக்கற நம்பிக்கை போயிடும்."

மெஹராஜ் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். "அது வேணாம் ஜோசியரே. எங் கை தப்பால அழிஞ்சி போச்சுன்னே சொல்லிடுங்க. நாளைக்கு வேற யார் மூலமாவாவது தெரிஞ்சா எனக்குத்தான் அசிங்கம்." சொல்லிவிட்டு, சோற்றைப் பக்கத்தில் இழுத்துக்கொண்டாள்.

டென்ட்டு கொட்டாய்க்கு மைக் வண்டி ஓட்டுகிற வீராசாமியை அன்வர் சாயங்காலமே பிடித்துவிட்டான். அவலூர்பேட்டை வரைக்கும் போய் வருவதாகப் பேச்சு. வீராசாமிக்குச் சினிமா விளம்பரம் செய்தே நாக்கு பழகிப்போயிருந்தது. வியாழக்கிழமை காலையில் பனிக்குள்ளிருந்து அவன் குரல் வந்தது.

"அன்பார்ந்த பெரியோர்களே, தாய்மார்களே! பாயம்மா கை தவறியதால் அழிந்துபோன உங்கள் அருமை ஜாதகங்கள், இதோ, மீண்டும் பிறக்கின்றன! முற்றிலும் தமிழில்! பழைய தாளைக் கொண்டுவாருங்கள், புதிய தாளைப் பெற்றுச் செல்லுங்கள்! கண்டிப்பாக மூன்றே நாட்கள்! குடும்பத்துடன் வாருங்கள்!"

"குடும்பத்தோட வரச் சொல்லி யார்யா சொன்னது?" என்று பச்சைமுத்து தலையில் கை வைத்துக்கொண்டார்.

குடும்பத்தோடுதான் வந்தார்கள். முதலில் நாலு பேர், பிறகு பத்துப் பேர், மத்தியானத்துக்குள் மாடிப்படி நிறைந்து சைக்கிள் கடையைத் தாண்டி வரிசை போய்விட்டது. மஞ்சள் துணியில் சுற்றி வந்தது, அரிசிப் பானைக்குள்ளிருந்து எடுத்து வந்தது, எலி ஒரு மூலையைத் தின்றது, எல்லாம் வந்தன. ஒருத்தர் மகனுடைய ஜாதகத்தைக் கண்ணாடி போட்டுச் சட்டம் அடித்து, பொட்டு வைத்து, ஆணியோடு கழற்றிக்கொண்டு வந்திருந்தார். திட்ட வந்தவர்களும் இருந்தார்கள். "இன்னாம்மா, எம் பொண்ண அழிச்சிட்டியாமே?" என்று மேலே ஏறி வந்த ஒரு அம்மாள், மெஹராஜ் எழுந்து நின்று "ஆமாம்மா, தப்பு நடந்துபோச்சு" என்றதும், "சரி சரி, உக்காரு. நான்கூடப் போன வாரம் உப்புன்னு நெனச்சி சர்க்கரையைக் கொட்டிட்டேன்" என்று சொல்லிவிட்டுத் தாளை நீட்டினாள்.

மெஹராஜின் விரல்கள் நிற்கவில்லை. தேதி, நேரம், ஊர், நட்சத்திரம். பழைய தாளை அன்வர் படிக்கப் படிக்க அடித்துத் தள்ளினாள். கரண்டு போனால் வரிசை அப்படியே உட்கார்ந்துவிடும். வந்தால் எழுந்து "வந்துடுச்சு!" என்று கத்தும்.

ஒன்றுதான் அவளுக்குப் பயமாக இருந்தது. சாயங்காலம் ஆனதும், உள்ளே சேர்ந்ததை வெளித்தட்டுக்கும் அனுப்பி வைத்துக்கொள்ள வேண்டும். காப்பி என்று அடித்தாள். அதற்குமேல் விரல் எழவில்லை. நாலு வருஷப் பழக்கம் விரலைப் பிடித்து இழுத்தது.

"நீ எதை முதல்ல அடிக்கணும்?" என்றாள் மெஹபூப் பீ.

"எதுலேருந்து போவுதோ அத மாமி. தெரியுது. ஆனா கை கேக்கமாட்டேங்குது."

மெஹபூப் பீ ஜன்னல் ஓரத்தில் உட்கார்ந்து வெற்றிலையைக் கிள்ளிக்கொண்டிருந்தாள். கீழே ஒரு பஸ் திரும்பியது. "அந்த போர்டுல இன்னா எழுதிருக்குது படி."

"செஞ்சி, திண்டிவனம்."

"அவன் திண்டிவனம், செஞ்சின்னா எழுதிக்கினு இங்கேருந்து போறான்? கெளம்பற ஊரு முதல்ல, போற ஊரு பின்னால. கல்யாணப் பத்திரிகைய மறந்துடு. பஸ் போர்ட நெனச்சிக்கோ."

மெஹராஜ் 'செஞ்சி, திண்டிவனம்' என்று வாய்க்குள் சொல்லிக்கொண்டாள். பிறகு உள் தட்டின் பேரை அடித்தாள், வெளித்தட்டின் பேரை அடித்தாள், பட்டனைத் தட்டினாள். இரண்டு இடத்திலும் ஜாதகங்கள் பத்திரமாக இருந்தன. எழுந்துபோய் மாமியாரின் கன்னத்தை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டாள். "வுடு, வெத்தலை சிந்துது" என்றாள் மெஹபூப் பீ.

வெள்ளிக்கிழமை ஜும்மாத் தொழுகைக்குக் கடையைச் சாத்திவிட்டுப் போன அன்வர் திரும்பி வந்தபோது, வரிசையில் வேறொரு காரியம் நடந்துகொண்டிருந்தது. கல்யாணத்துக்குப் பிள்ளை வைத்திருக்கிறவர்கள் எல்லாரையும் ஒரே படிக்கட்டில் மணிக்கணக்காக உட்காரவைத்தால் சும்மா இருப்பார்களா? இவர் தாளை அவர் வாங்கிப் பார்த்தார். அவர் பெண்ணை இவர் வீட்டம்மாள் தலையிலிருந்து கால்வரை பார்த்தாள். மெஹபூப் பீ டீச் சட்டியோடு மேலும் கீழும் போய்வந்தபடி, "இவங்க நல்ல குடும்பம்மா, எனக்குத் தெரியும்" என்று, அன்றைக்குத்தான் பார்த்தவர்களைப் பற்றியெல்லாம் சாட்சி சொன்னாள். அவலூர்பேட்டைக்காரர் ஒருவருக்கும் அனந்தபுரத்துக்காரர் ஒருவருக்கும் ஜாதகம் அடித்து வருவதற்குள் சம்பந்தம் பேசியாகிவிட்டது.

"நான் பாக்கறதுக்கு முன்னாடியே முடிச்சிக்கிட்டா நான் எதுக்குய்யா?" என்று பச்சைமுத்து கோபித்துக்கொண்டார்.

"முகூர்த்தம் குறிக்கணும்ல ஜோசியரே, ஓடிப்போயிடாதீங்க" என்றார்கள்.

சனிக்கிழமை வந்தது. வெயில் ஏறி, மலைப் பாறை காய ஆரம்பித்த நேரத்தில் வேனும் வந்தது. ராமகிருஷ்ணன் மெஷினை வைத்து எடுத்துப் போகப் பெட்டியும் கயிறும் கையில் வைத்துக்கொண்டு இறங்கினான். படியில் கால் வைக்க இடமில்லை.

"யோவ், வரிசையில வாய்யா!" என்று நாலு பேர் கத்தினார்கள்.

"நான் ஜாதகத்துக்கு வரலிங்க..."

"எல்லாரும் அதான் சொல்றாங்க. பின்னால போ."

அவன் கடைசியில் போய் நின்றான். அங்கே லட்சுமியம்மாள் நின்றுகொண்டிருந்தாள். பஸ் தாமதமாகிவிட்டதால் அவளுக்கும் கடைசி இடம்தான். பக்கத்தில் தனகோட்டி. லட்சுமியம்மாள் வெள்ளைச் சட்டையைப் பார்த்தாள், பேனாவைப் பார்த்தாள், தரையைப் பார்த்துக்கொண்டிருக்கிற முகத்தைப் பார்த்தாள்.

"தம்பி எந்த ஊரு?"

"வேலை பாண்டிச்சேரிலங்க. சொந்த ஊரு வானூர் பக்கம்."

"வானூர் பக்கமா? எங்க சின்ன நாத்தனாரை அங்கதான குடுத்துக்கீது! உங்க நைனா பேரு இன்னா?"

பேரைச் சொன்னான். லட்சுமியம்மாள் முகம் மலர்ந்துபோனது. "அட, ஏரிக்கரை வூட்டு ஆளுங்களா! நமக்கு ஒரு வகையில சொந்தம் ஆவுது. கல்யாணம் ஆயிடுச்சா?"

"இல்லிங்க."

"ஏன்?"

"எங்கம்மா பாத்துக்கினேதான் இருக்காங்க. என் ஜாதகத்தக் கரையான் அரிச்சிடுச்சி. நேரம் மட்டும் எழுதி வெச்சிருக்காங்க."

"கம்ப்யூட்டர் ரிப்பேர் பண்றவருக்கு ஜாதகத்தக் கரையான் தின்னுடுச்சா!" என்று தனகோட்டி அடக்கமாட்டாமல் சிரித்தாள். அந்தச் சிரிப்பு மாடி வரைக்கும் கேட்டது. ராமகிருஷ்ணன் தரையிலிருந்து கண்ணை எடுத்து அவளைப் பார்த்தான். பிறகு அவனும் சிரித்தான். மறுபடி தரையைப் பார்க்க அவனுக்கு ஞாபகம் வரவில்லை.

அவன் மேலே வந்து சேர்ந்தபோது மத்தியானம் தாண்டிவிட்டது. மெஹராஜ் அவனையும் அவன் கையிலிருந்த பெட்டியையும் பார்த்தாள். ஆனாலும் எழுந்திருக்கவில்லை.

"எல்லாம் ஏறலை சார்" என்றாள். "முக்கால்வாசிதான் ஏறியிருக்குது." நடந்ததையெல்லாம் ஒன்றுவிடாமல் சொன்னாள்.

ராமகிருஷ்ணன் நாக்கைக் கடித்துக்கொண்டான். "அதே மாதிரிதான்னு நான்தானம்மா சொன்னேன். பஸ் அவசரத்துல... இது தலைகீழாச்சே. சொல்லாம போயிட்டேனே!" மெஷின் பக்கத்தில் வந்து குனிந்து பார்த்தான். அவள் ஒரு ஜாதகத்தை முடித்து, காப்பி அடித்து, வெளித்தட்டுக்கு அனுப்புவதைப் பார்த்தான். விரல் எங்கேயும் நிற்கவில்லை. "நல்லாத்தான் ஓட்டறீங்க. ஆனா முழுசா ஏத்திக் காட்டணும்னு ஒப்பந்தம். விழுப்புரத்துக்காரர் வேற போன் மேல போன் போடறாரு. நான் போய் இன்னா சொல்றது?"

அன்வர் ஏதோ சொல்ல வாயெடுத்தான். அதற்குள் லட்சுமியம்மாள் கூட்டத்தை விலக்கிக்கொண்டு முன்னால் வந்துவிட்டாள்.

"அதெல்லாம் அப்புறம் பேசிக்கலாம். பாயம்மா, இந்தத் தம்பிக்கு ஒரு ஜாதகம் போடு. தம்பி, பொறந்த நேரத்தச் சொல்லு."

"அம்மா, நான் மெஷினை எடுத்துட்டுப் போக வந்திருக்கேன்."

"சொல்லிட்டு எடுத்துக்கோ."

ராமகிருஷ்ணன் ஒரு தடவை படிப்பக்கம் பார்த்தான். தனகோட்டி கதவோரம் நின்று, முந்தானையை வாயில் வைத்து அழுத்திக்கொண்டிருந்தாள். அவன் தேதியைச் சொன்னான். நேரத்தைச் சொன்னான். ஊரைச் சொன்னான். மெஹராஜ் அடித்து முடித்துப் பட்டனைத் தட்டினாள். பிரின்டர் கிர்ரென்று தமிழில் கட்டம் போட்டுத் தள்ளியது. பச்சைமுத்து தாளைக் கிழித்து வாங்கி, கண்ணாடியை ஏற்றி, தனகோட்டியுடையதையும் பக்கத்தில் வைத்துக்கொண்டு சம்மணம் போட்டு உட்கார்ந்தார். படியில் நின்றவர்களெல்லாம் கழுத்தை நீட்டிப் பார்த்தார்கள்.

"உங்க ஜாதகமும் உள்ள போயிடுச்சு சார்" என்றாள் மெஹராஜ். "இன்னும் எடுக்கறதுன்னா எடுத்துக்கோங்க."

கீழே வேன்காரன் ஹாரனை அடித்தான். ஒரு தடவை, இரண்டு தடவை. ராமகிருஷ்ணன் காதில் விழுந்ததாகவே தெரியவில்லை. பச்சைமுத்துவின் விரல் கட்டத்துக்குக் கட்டம் நகர்வதையே பார்த்துக்கொண்டு, கொண்டுவந்த பெட்டியைக் கவிழ்த்துப் போட்டு அதன் மேல் உட்கார்ந்தான்.

"பாய்" என்றான் அன்வரிடம், மெல்ல. "வண்டியை அனுப்பிடுங்க. நான் கடைசி பஸ்ல வர்றேன்னு சொல்லிடுங்க."